கல்லில் ஏறும் கதை: மலையேற்ற வரலாற்றுப் புனைவும் சொந்தப் பதிப்பும் – புதுக்கோட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழில் வரலாற்று நாவலுக்கு வயது நூற்று முப்பது ஆகிறது. போர், கடற்பயணம், அரண்மனைச் சதி, காதல், கோயில் திருப்பணி என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் கிடைத்திருக்கிறது. மலையேற்றத்துக்குத்தான் கிடைக்கவில்லை. நம் நாவல்களில் மலைகள் உண்டு. மலைக்கோட்டையில் மன்னன் இருப்பான், குகையில் சதிகாரர்கள் கூடுவார்கள், நள்ளிரவில் நூலேணி வீசி ஒரு வீரன் மதில் ஏறுவான். ஆனால் பாறையின் சரிவு, பிடிமானம், மூச்சுவாங்கல், தாகம், இறங்கும்போது வரும் அச்சம் இவையே கதையை நகர்த்தும் நாவல்கள் மிகக் குறைவு.

அதற்கான பொருள் தமிழில் இருக்கிறதா, எழுதும் முறை எது, எழுதியதைத் தானே பதிப்பிக்க வழி உண்டா என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தை நிலைக்களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. இங்கே பனிமலை இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமும் இல்லை. சமவெளியில் திடீரென்று எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள்தான். ஆனால் அந்தக் குன்றுகளில் மனிதர் ஏறியதற்கும் தங்கியதற்கும் இரண்டாயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றுகளைத் தொகுத்து அச்சிட்ட ஒரு பழைய சமஸ்தானமும் இங்கே இருந்தது. இப்படிப்பட்ட நாவலுக்குத் தடையாக இருந்தது பொருள் பஞ்சமல்ல, வாரப் பத்திரிகைத் தொடரின் வடிவம்தான் என்பது என் முடிவு. சொந்தப் பதிப்பு அந்தத் தடையை நீக்குகிறது. அதே சமயம் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதையும் எழுத்தாளர் தலையில் ஏற்றிவிடுகிறது.

சங்க இலக்கியத்தில் ஏற்றம்

மலை ஏறுவதைப் பற்றித் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே விவரமாகப் பேசியிருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்படி வந்து விழும், ஆழமான சுனையை ஒட்டிய வழுக்குப் பாதையில் மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு எப்படிக் கடப்பது என்றெல்லாம் அதைப் பாடிய பெருங்கௌசிகனார் சொல்கிறார். மலைவழி தெரிந்த ஒருவர் தெரியாதவர்களுக்குத் தரும் எச்சரிக்கைகள் இவை. இன்றைய மலையேற்றக் கையேடும் செய்வது இதைத்தான்.

கருவிக்கும் சான்று உண்டு. செங்குத்துப் பாறையில் தொங்கும் தேனடையை எடுக்க, கணுக்களில் கால் வைத்து ஏறும் மூங்கில் ஏணியான மால்பு சங்கப் பாடல்களில் வருகிறது. தமிழகத்தின் மலைகளில் தேன் எடுக்கும் பழங்குடியினர் கொடியால் பின்னிய ஏணியில் பாறை இறங்கும் வழக்கம் நம் காலம் வரை தொடர்ந்திருக்கிறது. ஏறும் நுட்பத்தை எழுத நினைக்கும் தமிழ் நாவலாசிரியர் ஐரோப்பியரின் சணல் கயிற்றிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும்போது, கொடும்பை என்னும் ஊரின் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் விளக்குகிறான். அந்தக் கொடும்பைதான் விராலிமலைக்குப் பக்கத்திலுள்ள இன்றைய கொடும்பாளூர். இடது பக்க வழியில் போனால் திருமால்குன்றமும் அங்கே ஒரு பிலமும் அதனுள் மூன்று பொய்கைகளும் உண்டு என்கிறான். பாதை, பிரிவு, குன்று, குகை எல்லாம் சேர்ந்த ஒரு பயண வரைபடம் நம் காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது.

நாவலில் மலை

திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுகிறது. நாயக்கர் கால அரசியல் அதன் களம். பிறகு கல்கி வந்தார், வரலாற்று நாவல் வார இதழின் உயிர்மூச்சானது. 'பார்த்திபன் கனவு' நாவலில் கொல்லிமலை கபால பைரவரின் மறைவிடமாகிறது. 'பொன்னியின் செல்வன்' கொடும்பாளூருக்கு வானதியைத் தந்தது. இன்றும் அங்குள்ள மூவர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பலர் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள்.

இந்த மண்ணுக்கு நெருக்கமானவர் அகிலன். 1922-இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள பெருங்களூரில் பிறந்தவர். இராசேந்திர சோழன் காலத்தைச் சொல்லும் அவருடைய 'வேங்கையின் மைந்தன்' 1963-க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதன் நாயகன் கொடும்பாளூர் இளவரசன் இளங்கோ. ஈழத்தில் ஒளித்துவைக்கப்பட்ட பாண்டியர் மணிமுடியை மீட்பது கதையின் முக்கிய இழை. சொந்த மாவட்டத்துச் சிற்றரச மரபு ஒன்றைப் பேரரசுக் கதையின் நடுவில் நிறுத்திய துணிவு அகிலனுடையது. உள்ளூர் வரலாற்றை எழுத வருபவர்களுக்கு அவர் காட்டிய வழி இன்னும் செல்லும்.

மலைக்கே உரிய நாவல் என்றால் சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'. ஆனந்த விகடனில் தொடராக வந்து பிறகு நூலானது. கபிலர் நீலன் என்ற இளைஞனின் வழிகாட்டலில் பறம்பு மலை ஏறுவதில்தான் கதை தொடங்குகிறது. சமவெளியில் வாழ்ந்து பழகிய ஒரு கால் மலையில் படும் பாட்டிலிருந்து மலைமக்களின் அறிவு வாசகருக்குப் புரியத் தொடங்குகிறது. தமிழ் வாசகர் ஏற்றத்தைப் படிப்பார் என்பதற்கு அந்த நூல் பெற்ற வரவேற்பே சாட்சி. பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் நம் பொன்னமராவதிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆனாலும் தொடரின் வடிவம் வேள்பாரியிலும் வேலை செய்கிறது. வாரா வாரம் ஒரு திருப்பம் வேண்டும். மலையேற்றத்தின் இயல்பு அதற்கு நேர் எதிரானது. மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது, ஒரு கணத்தில் எல்லாம் நடந்துவிடும். அந்த நீண்ட நேரத்தைச் சலிப்பில்லாமல் சொல்ல முழு நூலாக எழுதும் சுதந்திரம் தேவை.

பிற மொழிகள் செய்தது

ஜப்பானிய எழுத்தாளர் நித்தா ஜிரோ வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். ஃபூஜி மலை உச்சியின் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்தவர். அவர் 1977-இல் எழுதிய நாவல், 1907-இல் ட்சுருகி மலையில் ஏறிய நில அளவைக் குழுவைப் பற்றியது. யாரும் ஏறாதது என்று நம்பப்பட்ட அந்தச் சிகரத்தில், பல நூற்றாண்டுக்கு முந்தைய துறவி ஒருவரின் கைத்தடித் தலைப்பும் ஒரு வாளும் கிடந்தன. நவீன அளவைக்காரர்களுக்கு முன்பே ஒரு துறவி ஏறிவிட்டிருந்தார். இந்த ஒரு உண்மையே அந்த நாவலை வெறும் வெற்றிக் கதையாக விட்டுவிடாமல் மேலே தூக்குகிறது.

ஆங்கிலத்தில் ஜெஃப்ரி ஆர்ச்சர் 2009-இல் ஜார்ஜ் மல்லோரியின் வாழ்க்கையை நாவலாக்கினார். மல்லோரியும் இர்வினும் 1924 ஜூன் 8-ஆம் நாள் எவரெஸ்டில் மறைந்தார்கள். மல்லோரியின் உடல் 1999-இல்தான் கிடைத்தது. உச்சியைத் தொட்டார்களா என்பது இன்றும் தீராத கேள்வி. அந்த இடைவெளியில்தான் நாவலாசிரியர் தன் கற்பனையை வைக்கிறார். சான்று தீர்ந்துபோகும் இடத்தில் புனைவு தொடங்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

இமயத்தின் கதைக்கே ஒரு தமிழ்நாட்டு வேர் உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த பெரும் முக்கோண அளவைதான் பின்னாளில் இமயம் வரை சென்றது. பின்னர் எவரெஸ்ட் எனப்பட்ட பதினைந்தாம் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கான கணக்குகளில் பெரும்பங்கு இராதாநாத் சிக்தாருடையது. குன்றில்லாத காவிரிச் சமவெளியில் லாம்டன் கோயில் கோபுரங்களையே நிலையங்களாகப் பயன்படுத்தினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. கயிறு பிடித்தவர்களின் பக்கமிருந்து இந்த நிகழ்ச்சியை எழுதினால், எவரெஸ்ட் நாவலுக்குத் தமிழில் ஒரு முதல் அத்தியாயம் கிடைக்கும்.

புதுக்கோட்டைப் பாறைகள் தரும் களம்

சித்தன்னவாசலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அறிவர் கோயில் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலையேற்றக் கதைக்கு வேண்டிய இடம் ஏழடிப்பட்டம். மலை முதுகுக்கு ஏறி, மறுபக்கச் சரிவை ஒட்டிப் போக வேண்டும். பாறையில் ஏழு குழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன, அவற்றில் கால் வைத்துத்தான் குகைக்குள் சேர முடியும். இன்று இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதை மனதில் அகற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வளைந்த பாறை, மறுபக்கம் வெறும் வெளி, கால் விரல்கள் நுழையும் அளவு குழி. உள்ளே தாழ்ந்த கூரையின் கீழ் 17 கற்படுக்கைகள், வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, தலைமாடு சற்றே உயர்த்தப்பட்டு இருக்கின்றன. ஒரு படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமிக் கல்வெட்டு. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்குச் சிறுபொசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை அது என்று சொல்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர்கள் கருத்து.

எருமை நாடு என்பது மைசூர்ப் பக்கம். அங்கிருந்து ஒரு சமண முனிவர் இவ்வளவு தூரம் நடந்து வந்து, எளிதில் யாரும் எட்டமுடியாத ஒரு பாறை இடுக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருக்காக ஒருவர் உளியோடு அந்தச் சரிவில் ஏறியிருக்கிறார். முதல் குழியை வெட்டும்போது அவர் எங்கே நின்றார்? தண்ணீர் யார் கொண்டுபோனது? முதுமையில் அந்த முனிவர் எப்படி இறங்கினார், அல்லது இறங்கவே இல்லையா? ஒரு நாவலுக்கு இவ்வளவு கேள்விகள் போதும்.

நார்த்தாமலையில் ஒன்பது குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை உட்பட ஒவ்வொன்றுக்கும் பெயரும் கதையும் உண்டு. குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்டதால் ஆளுருட்டிமலை என்பது வழக்கு. மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. சோழன் பெயரைத் தாங்கினாலும், அதைக் கற்றளியாக எடுத்தவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் என்றும், மழையால் சிதைந்தபின் மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பெருமழை கற்றளியையே அசைத்தது என்றால், அந்த இரவில் பாறைமேல் இருந்தவர்களின் நிலை என்ன என்று நாவலாசிரியர் கேட்க வேண்டும்.

குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியதாகச் சொல்லப்படும் திருமயம் கோட்டையும் தனித்தனி நாவலைத் தாங்கக்கூடியவை. திருமயத்தில் உருண்டு திரண்ட பாறைமேல் பீரங்கியை ஏற்றியவர்களின் உழைப்பு ஒன்றே போதும்.

இந்தக் கல்லின் குணத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். பிடித்து ஏற விளிம்போ வெடிப்போ அதிகம் இராது. பாதத்தின் உராய்வை நம்பித்தான் நிற்க முடியும். முற்பகல் தாண்டினால் வெறுங்காலை வைக்க முடியாத சூடு. தூறல் விழுந்தால் காய்ந்த பாசி வழுக்கும். மேல்தோல் ஏடு ஏடாக உரியும், காலடியில் சத்தம் மாறினால் கீழே வெற்றிடம் என்று பொருள். இவற்றை வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. எழுதுபவர் விடியலில் ஏறிப் பார்க்க வேண்டும், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ஆணி அடிப்பதும், எழுத்தின் மேல் சுண்ணாம்பு தேய்ப்பதும் சட்டப்படி குற்றம். அதைவிட, நம் கதையின் மூலத்தை நாமே அழிப்பதாகும். மாவட்டத்தின் எத்தனையோ குன்றுகளைக் கல்குவாரிகள் தின்றுவிட்ட நிலையில், எஞ்சியவற்றை எழுத்தில் பதிவது ஓர் அவசரப் பணியும்கூட.

சான்றும் கற்பனையும்

இந்த வகையில் எழுதுபவர்களுக்குப் புதுக்கோட்டையைப் போல வசதியான மாவட்டம் தமிழ்நாட்டில் அரிது. சமஸ்தான அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடத்தை 1929-இல் அச்சிட்டது. கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஊர் ஊராக மலை, சுனை, கோயில், வழக்காறு எல்லாம் அதில் உண்டு. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அரிய பழந்தமிழ் நூல்களும் இதழ்களும் பார்க்க வேண்டுமானால் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது.

சான்றுகளை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கல்வெட்டு சொல்வது, அறிஞர் ஊகிப்பது, ஊர் சொல்வது. ஆளுருட்டிமலைக் கதை மூன்றாம் தரம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டை மகேந்திரவர்மன் தலையில் வைப்பது இரண்டாம் தரம், அதை மறுப்பவர்களும் உண்டு. மூன்றையும் நாவலில் பயன்படுத்தலாம், ஆனால் நூலின் இறுதியில் எது எந்தத் தரம் என்று வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மதில் ஏறினார்கள் என்ற கதை பல நாட்டுப்புறங்களிலும் உண்டு, வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. அதைத் தன் பாத்திரம் நம்புவதாக எழுதலாம். நடந்ததாக எழுதினால், ஒரு முறையாவது கயிற்றில் தொங்கிய வாசகர் அங்கேயே நூலை மூடிவிடுவார்.

சாதிப் பெருமைக்காக வரலாற்றை வளைப்பது இன்னொரு பெரிய ஆபத்து. முத்தரையர், இருக்குவேளிர், சோழர், பாண்டியர், தொண்டைமான் எல்லோரும் ஆண்ட மண் இது. ஒரு குலத்தை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்தும் நாவல் எவ்வளவு விற்றாலும் வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. மலையேற்றக் கதை இதற்கு ஒரு நல்ல மாற்று தருகிறது. அதன் மையத்தில் இருப்பவர்கள் கல்தச்சர், தேன் எடுப்பவர், சுமைகாரர், துறவி, வழிகாட்டி. மன்னர்கள் கீழேதான் நிற்பார்கள்.

அச்சும் விற்பனையும்

தானே பதிப்பிப்பது தமிழுக்குப் புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட, முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். திருமயம் வட்டம் ராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் சென்னையில் சக்தி காரியாலயம் நடத்தி, பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மக்களிடம் சேர்த்தார். இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பதிப்பு என்பது பழகிய துறைதான்.

இன்றைய வழிகள் மூன்று. முதலாவது மின்னூல். அமேசான் கிண்டில் 2016 இறுதியில் தமிழுக்குத் திறந்தது. பங்குத்தொகை 35 அல்லது 70 விழுக்காடு. இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது என்ற திட்டத்தில் சேர வேண்டும். தொடராக எழுதிப் பார்க்கப் பிரதிலிபி போன்ற தளங்கள் உண்டு. இரண்டாவது, தேவைக்கேற்ப அச்சிடுதல். கையில் இருப்பு வைக்க வேண்டாம், ஆனால் ஒரு பிரதியின் அடக்கவிலை கூடும். மூன்றாவது, உள்ளூர் அச்சகத்தில் சில நூறு பிரதி போட்டுப் புத்தகத் திருவிழாவிலும் பள்ளி, கல்லூரிகளிலும் நேரில் விற்பது. கடைக்காரர் கழிவு விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும் என்பதால், நேர் விற்பனைதான் எழுத்தாளருக்குக் கட்டுபடியாகும்.

மலையேற்ற நாவலுக்குச் சில தனித் தேவைகள் உண்டு. நல்ல வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும். கிண்டில் திரையில் அது சிறுத்துப்போகும், ஆகவே பகுதி பகுதியாகப் பிரித்துப் போட வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் ஒருங்குறிக்கு மாற்றியபின் ஒரு முறை முழுதாகப் பிழைதிருத்த வேண்டும், கொம்பும் ஒற்றும் இடம் மாறியிருக்கும். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமின்றித் தருகிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து நூலைத் தேடி வருபவருக்கு அந்தப் பிரதிதான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிப்பகம் இல்லாத இடத்தில் பதிப்பாசிரியரை எழுத்தாளர் தேடிக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் படியை நான்கு பேர் படிக்க வேண்டும்: கல்வெட்டு தெரிந்த ஒருவர், பாறை ஏறத் தெரிந்த ஒருவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர், மொழியில் கண்டிப்பான ஒருவர். இவர்களுக்குச் செலவிடும் மாதங்களையும் பணத்தையும் அட்டைப்படத்துக்கு முன்னால் ஒதுக்கிவைக்க வேண்டும். சொந்தப் பதிப்பு என்றாலே தரம் குறைந்தது என்ற பெயர் வந்ததற்குக் காரணம் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான்.

முடிவாக

மலையேற்ற வரலாற்றுப் புனைவுக்கான பொருள் தமிழில் சங்ககாலம் தொட்டு இருக்கிறது. வேள்பாரிக்குப் பின் வாசகர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதிப்பிக்கும் வழியும் கைக்கு எட்டிவிட்டது. இல்லாதது ஒன்றுதான்: ஏறிப் பார்த்து, படித்துப் பார்த்து, பிறர் கையில் கொடுத்துத் திருத்தி எழுதும் பொறுமை. அதை வளர்க்க இந்த மாவட்டத்தால் முடியும். கல்லூரித் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் சேர்ந்து மாணவர்களைக் கல்வெட்டுப் பாடத்தோடு குன்றுகளுக்கு அழைத்துப் போகலாம். புத்தகத் திருவிழாவில் சொந்தப் பதிப்பு வரலாற்று நூல்களுக்கென ஓர் அரங்கும், அவற்றைச் சான்றோடு மதிப்பிடும் ஓர் அமர்வும் வைக்கலாம். சமஸ்தானக் கையேட்டின் நல்ல தமிழாக்கம் ஒன்று மலிவு விலையில் ஒவ்வொரு ஊர்ப்புற நூலகத்துக்கும் போகலாம். ஏழடிப்பட்டத்தில் இருக்கையைச் செய்தவருக்குக் கல்வெட்டில் பெயர் இருக்கிறது, நாவலில் இன்னும் இல்லை. அந்த நாவலை எழுத வேண்டியவர்கள் சித்தன்னவாசலுக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் வாழ்பவர்கள்தான். எழுதுவதற்கு அவர்கள் வேறு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.